சாமியின் தலைக்கு ஒரு ரேசர்

அந்தியூருக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில், ஓடைத் தடுப்பணையை ஒட்டி ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் மணியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சிமெண்டு சீட் போட்ட நீளமான கொட்டகை, இரண்டு மாடு, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். அங்கே இருந்தவரை ஊர்க்காரர்கள் அணைக்கட்டுச் சாமி என்றார்கள். நாற்பதைத் தாண்டி அதிக வருஷம் ஆகாதவர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். வறுத்த கடலையைக் கண்டால் விடமாட்டார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே யாரும் தன் தலையைத் தானே மழித்துக்கொள்வதில்லை. பௌர்ணமி காலையில் ஓடைப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒருவர் தலையை இன்னொருவர் மழித்துவிடுவார்கள். சாமியின் தலை மட்டும், புதிதாக வந்து சேர்ந்தவருக்கு என்று ஏற்பாடு. அதை மழித்த பிறகுதான் வந்தவர் மடத்து ஆள். அதுவரை விருந்தாளி. சாப்பிடலாம், படுக்கலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம். சாமியிடம் கேள்வி மட்டும் கேட்கக் கூடாது.

இது என்ன வழக்கம் என்று முன்பு ஒருவர் கேட்டதற்குச் சாமி சொன்ன பதிலை, மடத்துச் சமையல்காரன் நாச்சிமுத்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

"கையில பிளேடு வெச்சிருக்கிற ஆளுகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராதுங்க."

அந்த மடத்துக்கு ஒரு நாள் சென்னியப்பன் வந்து சேர்ந்தார். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்து நடத்தியவர். சாமியைவிட இருபது வயதாவது மூத்தவர். இரும்போ பித்தளையோ, எந்தத் துண்டையும் உள்ளங்கையில் வாங்கினால் எடையைச் சொல்லிவிடுவார். பிறகு தராசில் போட்டுப் பார்த்தால் சொன்னதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். பட்டறைப் பையன்கள் அவரைத் தராசு முதலாளி என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்கள். மனைவி மயிலாத்தாள் கேலி செய்வதற்கும் அதுதான் காரணம். மத்தியானம் அவள் கொடுத்தனுப்பும் தூக்குப்போசியைக் கையில் வாங்கியதுமே, இன்றைக்குத் தயிர் கொஞ்சம் கூட வைத்திருக்கிறாள் என்று திறக்காமலே சொல்வார். பொண்டாட்டி சோத்தை எடை போடுகிற ஒரே ஆள் நீங்கதான் என்பாள் அவள்.

மயிலாத்தாள் இப்போது இல்லை. பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, ஒரு துணிப்பையோடும் ஒரு தேக்குப் பெட்டியோடும் அவர் மடத்துக்கு வந்திருந்தார்.

பெட்டிக்குள் என்ன என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. திறந்து காட்டினார். எல்லாம் ரேசர்கள். ஒரு பக்கம் மட்டும் கூருள்ள பிளேடைப் போடுகிற சேஃப்டி ரேசர்கள். சில கடையில் வாங்கியவை, மற்றவை அவரே லேத்தில் கடைந்தவை. பித்தளை ஒன்று, செம்பு ஒன்று, வெண்கலம் ஒன்று என்று தனித்தனிக் குழியில் படுக்கவைத்திருந்தார். குட்டைப் பிடி உண்டு, நெட்டைப் பிடி உண்டு. ஒவ்வொன்றின் எடையும் அவருக்கு மனப்பாடம். ஏன் இத்தனை என்று கேட்டதற்குச் சரியான ஒன்று இன்னும் அமையவில்லை என்றார்.

"என்னங்க, இங்க சலூன் வெக்கப் போறீங்களா?" என்றான் நாச்சிமுத்து.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவர் ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தார். மயிலாத்தாள் போவதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு காலையில் அவளிடம் அவர் ஒன்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. அப்புறம் கேட்கவும் ஆள் இல்லை. அந்தப் பதில் தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? மகனிடம் கேட்டால் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போவான். டாக்டரிடம் கேட்டால் மாத்திரை எழுதுவார். சாமியிடமாவது கேட்கலாம் என்றுதான் வந்தார். கேட்பதற்குச் சாமியின் தலையை மழிக்க வேண்டும் என்று மடத்தில் சொன்னபோது, நல்ல வேளை, நமக்குத் தெரிந்த வேலையாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டார்.

முதல் பௌர்ணமி வந்தது. சாமி படிக்கட்டில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்தார். சென்னியப்பன் தலையை நனைத்து, சோப்பு நுரை குழைத்துப் பூசினார். பித்தளை ரேசரை எடுத்துப் புதுப் பிளேடு மாட்டினார். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

ஓடைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாமியின் காதோரம் நுரை காய ஆரம்பித்தது.

"கொஞ்சம் கனம் சாஸ்தியா இருக்குதுங்க, சாமி," என்றார் சென்னியப்பன்.

"இருந்தா?"

"அது பாட்டுக்குத் தோலுக்குள்ள எறங்கிரும். வேண்டாங்க. அடுத்த பௌர்ணமிக்குச் சரியா ஒண்ணு செஞ்சுட்டு வந்தர்றனுங்க."

சாமி ஓடையில் தலையை முக்கி நுரையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். நாச்சிமுத்து தன் ரேசரோடு ஓடி வந்து, நான் எடுத்துவிடுகிறேன் என்றான். சாமி தலையை நகர்த்திக்கொண்டார். இது சென்னியப்பன் ஐயாவின் பௌர்ணமி, அவர் வருகிறபோது வரட்டும் என்று சொல்லிவிட்டுக் கடலை தின்னப் போய்விட்டார்.

சென்னியப்பன் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போனார். பட்டறையில் மகன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அப்பா லேத் முன்னால் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தன் வேலையைப் பார்க்கப் போனான். நகைக்கடையில் வைத்திருப்பதுபோல் ஒரு குட்டித் தராசும் வாங்கியிருந்தார். கைக்கு எடை தெரியாது என்பதால் இல்லை. இப்போதெல்லாம் அவர் தன் கையை நம்புவதில்லை. எவர்சில்வர் கம்பியைக் கடைந்து, பிடியை உள்ளே குடைந்து, கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். வழுக்காமல் இருக்கப் பிடியில் சொரசொரப்பு ஏற்றினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இரண்டாம் பௌர்ணமிக்கு அதைக் கொண்டுவந்தார். சாமி குனிந்தார், சென்னியப்பன் நுரை பூசினார், ரேசர் தலை வரை போயிற்று, நின்றது. பிடியைக் குடைந்ததில் கனமெல்லாம் தலைப்பக்கம் போய்விட்டது, முன்னால் கவிழ்கிறது என்றார். சாமி அந்த ரேசரை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு என்றார். எவர்சில்வரைக் குடைவது சிரமமா, எவ்வளவு நேரம் பிடிக்கும், சூடேறாதா என்றெல்லாம் உண்மையான அக்கறையோடு விசாரித்தார். சென்னியப்பனும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. மடத்தில் பல வருஷம் சமைத்தவன், அவனுக்கும் ஞானம் கொஞ்சம் ஒட்டியிருக்கத்தானே செய்யும்?

"ஏனுங்க, பித்தளையோ எவர்சில்வரோ, உள்ள இருக்கிறது ஒரே பிளேடுதானுங்களே? வெட்டுறது அதுதானே? மேல எந்தச் சட்டை போட்டா என்னங்க?" என்றான். சொல்லிவிட்டுச் சாமி மெச்சுவார் என்று பார்த்தான்.

"அடுப்புல பருப்பு பொங்குது, போய்ப் பாரு," என்றார் சாமி.

மறுபடியும் ஓடையில் தலையைக் கழுவினார். சென்னியப்பன் மறுபடியும் பஸ் ஏறினார்.

மூன்றாம் பௌர்ணமிக்குள் சாமியின் தலை புதர் மண்டிவிட்டது. மழித்த தலையாகவே பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாமிக்குப் பெண் பார்க்கிறார்களா என்று தேங்காய்க் கடைக்காரர் விசாரித்தார். பால் வாங்க வரும் அம்மாள், பாவம் என்று ஒரு சீப்பே வாங்கிவந்து கொடுத்துவிட்டாள். சாமி அதை மரியாதையாக வாங்கிக்கொண்டார். தினமும் காலையில் நடு வகிடு எடுத்துச் சீவவும் செய்தார். எதற்காக இந்தக் கோலம் என்று யார் கேட்டாலும், ஐயா ரேசர் செய்துகொண்டிருக்கிறார், நல்லதாகச் செய்ய நேரம் ஆகும் என்று பதில் சொன்னார்.

அதைக் கேட்கும்போதெல்லாம் சென்னியப்பனுக்கு உடம்பு கூசியது. தன்னால் ஒரு துறவி ஊர் வாயில் விழுந்து கிடக்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

இந்தத் தடவை அவர் கொண்டுவந்தது டைட்டானியம். ஏதோ கம்பெனிக் கழிவில் கிடைத்த துண்டைத் தெரிந்தவர் மூலம் வாங்கி, லேத் உளிகளை உடைத்து உடைத்துக் கடைந்தது. வெளுத்த சாம்பல் நிறம். எவர்சில்வரின் பலம், ஆனால் கனம் பாதிக்குக் கொஞ்சம் மேல். இது அமைந்துவிடும் என்று அவர் நம்பினார். பஸ்ஸில் வரும்போது சட்டைப்பையில் வைத்து அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். மயிலாத்தாள் இருந்திருந்தால் அவளிடம்தான் முதலில் காட்டியிருப்பார். அவள் கையில் வாங்கிப் பார்த்து, ஒன்றும் புரியாமல், நல்லா இருக்குதுங்க என்று சொல்லியிருப்பாள். அந்த ஒரு சொல்லுக்காகப் பட்டறையில் நடுச்சாமம்வரை நின்ற காலம் எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது.

படிக்கட்டில் சாமி குனிந்தார். நாச்சிமுத்து கத்தரியால் முடியைக் குறைத்துவிட்டுப் போனான். சென்னியப்பன் நுரை பூசினார். டைட்டானியம் ரேசரை உள்ளங்கையில் வைத்து அசைத்தார்.

"இது லேசாப் போச்சுங்க, சாமி."

 சாமி குனிந்த தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"லேசா இருந்தா நல்லதுதானுங்களே?"

"லேசா இருந்தா வெட்டாதுங்க. கை அழுத்தோணும்."

"அழுத்துனா?"

சென்னியப்பன் ரேசரைப் பெட்டியில் போட்டு மூடப்போனார். சாமி நுரைத்தலையோடு திரும்பி, அந்தப் பெட்டியை இப்படிக் கொடுங்கள் என்று வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ரேசராக எடுத்துப் படியில் வரிசையாக வைத்தார். பெட்டியின் அடியில், மெத்தைத் துணிக்குக் கீழே, சேலைத் துண்டில் சுற்றிய ஒன்று இருந்தது. பிரித்தார். ஒரு சின்ன ரேசர், வெள்ளையாக, பொம்மைபோல் லேசாக இருந்தது. அலுமினியம்.

"இதுவும் நீங்க செஞ்சதுங்களா?"

"ஆமாங்க."

"இதை எனக்கு எடுத்துக் காட்டவே இல்லையே?"

அதற்கு மேல் சென்னியப்பனால் மறைக்க முடியவில்லை. சாமியின் தலையில் நுரை காய்ந்து வெள்ளைத் திட்டாக நிற்க, படிக்கட்டிலேயே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

மயிலாத்தாளுக்கு நெஞ்சில் கட்டி வந்து, மருந்து ஏற்றியபோது முடி கொட்டியது. தலையணை முழுக்க முடி. சோற்றில் முடி, சேலையில் முடி. வெளியே போனால் தெருவே திரும்பிப் பார்க்கிற பின்னல் அவளுடையது. ஒரு நாள் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, அவரைக் கூப்பிட்டாள். நீங்களே எடுத்துடுங்க, வேற ஆள் வேண்டாமுங்க என்றாள்.

அவர் பட்டறைக்குப் போய் அன்றைக்கே இந்த ரேசரைச் செய்தார். அந்த நாட்களில் அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவர்தான் தூக்கி உட்காரவைப்பார். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும், நேற்றைவிட எவ்வளவு குறைந்திருக்கிறாள் என்று கை சொல்லிவிடும். அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருக்கும். இவ்வளவு லேசாகப் போனவள் தலையில் கனமான எதையும் வைக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. இருப்பதிலேயே லேசான உலோகமாகப் பார்த்து எடுத்தார். இறகுபோல் போகும் என்று நினைத்தார். பட்டறைக்காரர் கணக்கு அப்படி.

பின்கட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலில் அவளை உட்காரவைத்தார். பின்னலைக் கத்தரியால் எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் அதைப் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டே இருந்தாள். இடது கையை அவள் நெற்றியில் கொடுத்துத் தலையைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் மழிக்க ஆரம்பித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் தலையை அவ்வளவு நேரம் அவர் கையில் வைத்திருந்ததே இல்லை.

ரேசர் லேசு. வெட்டவில்லை. அழுத்தினார். பாதித் தலை ஆகியிருக்கும், வலது காதுக்கு மேலே பிளேடு இறங்கிவிட்டது. நுரை சிவப்பானது.

வலிக்குதா என்று கேட்டார். அவள் பேசவில்லை. மயிலு, வலிக்குதா என்று இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் பேசவில்லை. அவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். நெற்றியிலிருந்து கையை எடுத்ததும் அவள் தலை அந்தக் கை போன பக்கமே சாய்ந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

மீதித் தலையை மறுநாள் சலூன்காரரைக் கூட்டிவந்து எடுக்கவைத்தார். நல்ல தொழில்காரர், ஒரு கீறல் இல்லாமல் நொடியில் முடித்துவிட்டார். சென்னியப்பன் வாசற்படியில் நின்றுகொண்டார். அவள் அவர் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் தலையைத் தொட அவருக்குப் பயம். கிட்டே போவார், கையை நீட்டுவார், நம் கை பட்டால் வலிக்குமோ என்று இழுத்துக்கொள்வார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு லேத் முன்னால் போய் நின்றவர்தான். பித்தளையில் செய்திருந்தால்? எவர்சில்வரில் செய்திருந்தால்? இன்னும் கொஞ்சம் கனமாக, இன்னும் கொஞ்சம் லேசாக?

சொல்லி முடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. அவளுக்கு வலித்ததா என்பதுதான் கேள்வி. தொண்டைவரை வந்தது. வழக்கம் வழக்கம்தானே என்று விழுங்கிக்கொண்டார்.

சாமி அலுமினிய ரேசரைச் சேலைத் துண்டில் பழையபடி சுற்றி, பெட்டிக்குள் வைக்காமல் அவர் கையில் கொடுத்தார்.

"அடுத்த பௌர்ணமிக்கு இதைக் கொண்டாங்க."

"இது வேண்டாங்க, சாமி. இது ரத்தம் பார்த்ததுங்க."

"இதுதாங்க வேணும்," என்றார் சாமி. ஓடையில் இறங்கிக் காய்ந்துபோன நுரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

அந்த மாதம் முழுக்கச் சென்னியப்பன் பட்டறைப் பக்கம் போகாமல் மடத்திலேயே இருந்தார். பௌர்ணமிக்கு முந்தின நாள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ரோட்டுக்கு நடந்தார். ஊருக்கே போய்விடுவது என்று முடிவு. பதில் கிடைக்காவிட்டால் போகிறது, சாமியின் தலையிலும் ரத்தம் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஒரு குடும்பம் நின்றது. புருஷன் டீக்கடைப் பக்கம் போயிருந்தான். பஸ் வளைவில் தெரிந்ததும் அந்தப் பெண் அவனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க!"

சென்னியப்பன் சட்டென்று திரும்பினார். அந்தப் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவது எல்லாம் அந்த ஒரு சொல்தான். ஊரில் ஆயிரம் பேர் அப்படிக் கூப்பிடுவார்கள், ஆயிரம் பேர் திரும்புவார்கள். அவரையும் ஒருத்தி அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இனி அந்தச் சொல் அவருக்கு இல்லை. புருஷன்காரன் டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்தான். அவள் பையை அவன் வாங்கிக்கொண்டான். பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். மயிலாத்தாள் ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடிப்போவேன் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. வெயிலில் நின்று அழுதார். டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் மடத்துக்குத் திரும்பிவிட்டார். எங்கே போனீர்கள் என்று நாச்சிமுத்துகூடக் கேட்கவில்லை. தட்டு வைத்துச் சோறு போட்டான்.

மறுநாள் காலை சாமி படிக்கட்டில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். நாச்சிமுத்து கத்தரியால் முடியை ஒட்டக் குறைத்தான். சென்னியப்பன் நுரை பூசினார். சேலைத் துண்டைப் பிரித்து அலுமினிய ரேசரை எடுத்தார். பிளேடு மாட்டினார். இந்தத் தடவை உள்ளங்கையில் வைத்து அசைத்துப் பார்க்கவில்லை. அதன் எடை கைக்குத் தெரியும்.

ரேசரைத் தலையில் வைத்தார். தலை அசைந்தது; பிடிமானம் இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு இடது கையைச் சாமியின் நெற்றியில் கொடுத்தார். மூன்று பௌர்ணமியிலும் அந்தக் கை அங்கே போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. உள்ளங்கையில் நெற்றியின் சூடு ஏறியது. சாமி தலையின் பாரத்தை முழுக்க அந்தக் கையில் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் இழுப்பு. இரண்டாவது இழுப்பு. ரேசர் லேசு, வெட்டவில்லை. அழுத்தினார். நுரையோடு முடி வழிந்து படியில் விழுந்தது. ஓடை அதை எடுத்துக்கொண்டு போயிற்று. உச்சி முடிந்தது, இடது பக்கம் முடிந்தது. சென்னியப்பன் மூச்சை மெதுவாக விட்டார். கை தன் போக்கில் போக ஆரம்பித்தது. அவர் எங்கே நிற்கிறார் என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

வலது காதுக்கு மேலே வளைவில் பிளேடு இறங்கியது. நுரை சிவந்தது.

"சாமி, வலிக்குதுங்களா?"

சாமி பேசவில்லை. ரத்தம் நுரையை அறுத்துக்கொண்டு காதோரமாக இறங்கியது. 

"வலிக்குதா?"

இந்தத் தடவை யாரைக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. சாமி அப்போதும் பேசவில்லை. கண் மூடியபடியே இருந்தது. ரேசர் சென்னியப்பன் கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்து தண்ணீருக்குள் போயிற்று. நெற்றியில் இருந்த இடது கை மெல்ல விலகியது. அது விலகிய பக்கமே சாமியின் தலையும் சாய்ந்துகொண்டு வந்தது.

"வலிக்குதுங்க," என்றார் சாமி. "கையை மட்டும் எடுத்துடாதீங்க."